கழட்டி மாட்டுதல்: பழைய கார்களும் கைஅறிவின் உடைமையும்

ஐம்பது அறுபது வருடத்துப் பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, எந்த மெக்கானிக்கிடமும் போய்க் கைகட்டி நிற்காமல், ஒரு புத்தகத்தை மட்டும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, துருப்பிடித்த அதன் உடம்பைத் தானே கழட்டித் தானே மாட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மேற்கில் ஒரு பொழுதுபோக்கு. பணமும் சனிக்கிழமையும் சொந்தமாக உள்ளவர்களின் விளையாட்டு, இதுல நமக்கென்ன இருக்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். இந்த விளையாட்டுக்குள் ஒரு பழைய சண்டை ஒளிந்து கிடக்கிறது. கையில் இருக்கும் அறிவு யாருடைய உடைமை என்கிற சண்டை அது. எழுதுகிற கையும் உழைக்கிற கையும் வெவ்வேறு சாதிகளாகப் பிரிந்து கிடக்கிற ஒரு சமூகத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது அந்தச் சண்டை நமக்கு அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை.

கார் வந்த தொடக்க காலத்தில் அதன் உடைமையாளருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ஓட்டுநர். 'ஷோபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே அடுப்பை மூட்டுகிறவன், சூடேற்றுகிறவன் என்றுதான் பொருள். நீராவி வண்டிக் காலத்துச் சொல். அன்றைக்கு ஓட்டுநரே மெக்கானிக்கும். வண்டி நடுவழியில் நின்றால் போனட்டைத் திறந்து என்ன கோளாறு என்று சொல்ல அவரால் மட்டுமே முடியும். 1900களின் முதல் பத்தாண்டில் அமெரிக்கச் செல்வந்தர்களின் பத்திரிகைகளில் 'ஷோபர் பிரச்சினை' என்றே ஒரு பேச்சு கிளம்பியது. முதலாளி ஊரில் இல்லாதபோது வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள், டயரும் எண்ணெயும் வாங்கும்போது கராஜ்காரரிடம் கமிஷன் அடிக்கிறார்கள், கோச்சு வண்டிக்காரர்களைப் போல அடங்கி நடப்பதில்லை என்பன குற்றச்சாட்டுகள். இவை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எரிச்சலின் வேர் வேறு. கூலிக்கு வைத்த ஆளிடம் முதலாளியிடம் இல்லாத அறிவு இருந்தது. சம்பளம் கொடுத்தும் அந்த அறிவை வாங்க முடியவில்லை. குதிரைவண்டிக் காலத்தில் எசமானுக்குக் குதிரை தெரியும். மோட்டார் அந்த உறவைக் குப்புறக் கவிழ்த்துவிட்டது.

இந்தச் சமன்குலைவைச் சரிசெய்யப் பல வழிகள் பார்க்கப்பட்டன. ஒய்.எம்.சி.ஏ. நடத்திய மோட்டார்ப் பள்ளிகளில் ஓட்டுநர்களைப் போலவே உடைமையாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பின ஓட்டுநர்களைக் கராஜ்களில் அண்டவிடாமல் வெள்ளைத் தொழிலாளர்கள் தொல்லை கொடுத்தார்கள். (தொழிலாளர் ஒற்றுமை என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.) பிறகு 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். நாட்டுப்புற விவசாயி அதை வாங்கினார். ஓட்டுநர் வைக்க வசதி கிடையாது. பக்கத்தில் கராஜும் கிடையாது. தன் ஏரையும் அறுவடை இயந்திரத்தையும் பழுதுபார்த்த அதே கையால் காரையும் பார்த்துக்கொண்டார். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார், தானியம் அரைத்தார். தானே கற்றல் என்பதன் உண்மையான தொடக்கம் இங்கேதான் இருக்கிறது, பொழுதுபோக்குச் சங்கங்களில் இல்லை. அந்த விவசாயிக்கு வண்டியின் 'அசல் நிலை' என்று ஒன்று இருந்ததே இல்லை. தேவைக்கு ஏற்ப வெட்டினார், ஒட்டினார், மாற்றினார். அவ்வளவுதான்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். வருவதற்கு முன்னால் இலங்கையில் ஒரு கணம் நிற்க வேண்டும்.

தானே கார் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும் இலட்சக்கணக்கானவர்களின் கையில் இருந்த நூல்வரிசைக்கு ஹேய்ன்ஸ் கையேடு என்று பெயர். அதைத் தொடங்கிய ஜான் ஹேய்ன்ஸ் பிறந்தது 1938இல், அன்றைய சிலோனில். தகப்பனார் தேயிலைத் தோட்ட நிர்வாகி. அதாவது மலையகத் தமிழர் வாய்மொழியில் 'துரை'. துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி, அதற்கும் கீழே லயத்தில் இருந்து விடியலில் பிரட்டுக்களத்துக்கு வந்து நிற்கிற சனம். கையில் கறை படிவதற்கென்றே ஒரு மக்கள்கூட்டம் ஒதுக்கி வைக்கப்பட்ட ஏற்பாடு அது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து, பன்னிரண்டு வயதில், துரையின் மகன் கென்ட் பகுதியில் உள்ள சட்டன் வாலன்ஸ் பள்ளிக்குப் படிக்கப் போனான். இதிலிருந்து நேராக எந்த முடிவுக்கும் தாவ வேண்டாம். ஒரு மனிதனின் பிறப்பிடம் அவன் எழுதிய புத்தகத்தை விளக்கிவிடாது. ஆனாலும் 'உன் வேலையை நீயே செய்துகொள்' என்ற நவீன வேதத்தை உலகுக்குக் கொடுத்தவர், தன் வேலை எதையும் தானே செய்துகொள்ளத் தேவையில்லாத ஒரு வர்க்கத்தில் பிறந்தவர் என்பது கவனிக்கத்தக்கது. தோட்டத்தில் துரை வீட்டுப் பிள்ளை கையை அழுக்காக்கிக்கொள்வது மதிப்புக் குறைவு. இங்கிலாந்தில் அதே பிள்ளைக்கு அது சாகசம். பேரரசு சுருங்கி, வேலைக்காரர்கள் இல்லாமல் போன ஒரு தீவில் நடுத்தர வர்க்கம் தன் கையைத் தானே கண்டுபிடித்த கதை என்றும் இதைச் சொல்லலாம்.

பள்ளியில் ரக்பி ஆட்டத்திலிருந்து விலக்குக் கேட்டுப் பெற்று, அந்த நேரத்தில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து 'ஸ்பெஷல்' கட்டினார் ஹேய்ன்ஸ். ஆஸ்டின் செவன் 1922 முதல் 1939 வரை வந்த சின்ன வண்டி. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் புதுக் கார்கள் அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியாகிவிட, உள்ளூர்க்காரர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய ஆஸ்டினோ மலிவு. அதன் சேஸிஸ் தனி, மேலே உள்ள கூடு தனி. கூட்டைக் கழட்டி எறிந்துவிட்டு இலேசான தகட்டில் வேறு கூடு அடித்துப் பூட்டினால் பந்தயக்கார் மாதிரி ஒன்று கிடைத்துவிடும். அப்படிக் கட்டிய வண்டியை விற்க விளம்பரம் கொடுத்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. வாங்குவதற்கு இருந்த ஆர்வத்தைவிட எப்படிச் செய்தாய் என்று கேட்கும் ஆர்வம் பெரிது என்று அந்தப் பையனுக்குப் புரிந்திருக்க வேண்டும். 1956இல் அதைச் சிறு பிரசுரமாக எழுதி 250 படிகள் போட்டார். பத்து நாளில் தீர்ந்தது. (சிறுபத்திரிகை நடத்துகிற நாம் பொறாமைப்படலாம்.)

அடுத்த கட்டம் ஏடன். 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த துறைமுகம். 1937 வரை இந்தியாவின் பகுதியாகவே ஆளப்பட்டது. 1963 டிசம்பரில் அங்கே நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, விடுதலை இயக்கங்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் இடையில் தெருச்சண்டை நடந்துகொண்டிருந்தது. 1965இல் விமானப்படை அதிகாரியாக ஹேய்ன்ஸ் அங்கே அனுப்பப்பட்டார். சக அதிகாரி ஒருவர் வாங்கிய ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் படுமோசமான நிலையில் இருந்தது. கம்பெனி வெளியிட்ட கையேடு, தொழில் தெரிந்த டீலர் கராஜுக்காக எழுதப்பட்டது. சாதாரண ஆளுக்குப் பயன்படாது. ஹேய்ன்ஸ் ஒரு கேமரா வாங்கி, எஞ்சினைக் கழட்டக் கழட்ட ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். மாட்டும்போதும் எடுத்தார். 1966இல் புத்தகம் வந்தது. 3000 படிகள், மூன்று மாதத்துக்குள் காலி. அடுத்த ஆண்டு நவம்பர் 30இல் பிரிட்டன் ஏடனை விட்டு வெளியேறியது. ஒரு குடியேற்ற நாடு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது அதன் அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் ஸ்போர்ட்ஸ் காரைத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்ற காட்சியில் ஒரு குறியீட்டை ஏற்றிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம், புத்தகத்தின் வடிவத்தையே பார்ப்போம். விஷயம் அங்கேதான் கனமாக இருக்கிறது.

அந்த நூல்வரிசையின் பெயரிலேயே 'ஓனர்' இருக்கிறார்: உடைமையாளருக்கான பட்டறைக் கையேடு. இரண்டு சொற்கள், இரண்டு வர்க்கங்கள், ஒரே அட்டை. பட்டறையில் தொழிலாளியின் உடம்பில் தேங்கிக் கிடந்த அறிவு, படமாகவும் எண்ணாகவும் பெயர்க்கப்பட்டு உடைமையாளரின் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' நூலில், டெய்லரியம் எப்படித் தொழிலாளியின் கையில் இருந்த அறிவைப் பிடுங்கி நிர்வாகத்தின் காகிதத்துக்கு மாற்றியது, யோசிப்பதையும் செய்வதையும் எப்படி இரண்டாக அறுத்தது என்று காட்டினார். ஹேய்ன்ஸ் கையேட்டிலும் நடப்பது இதே பெயர்ப்புதான். ஆனால் ஒரு வித்தியாசம். பெயர்க்கப்பட்ட அறிவு நிர்வாகத்திடம் நிற்கவில்லை. யாரோ ஒரு குமாஸ்தா, ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு நர்ஸ் கையில் போய்ச் சேர்ந்தது. அறுக்கப்பட்டவை மறுபடி ஒரே உடம்பில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு. இதை வெறும் பூர்ஷ்வாப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்த முரணைக் காண மறுக்கிறார்கள்.

நுணுக்கமாகப் பார்க்கலாம். ஸ்ப்ரைட்டின் எஞ்சினில் வால்வுக்கும் ராக்கருக்கும் இடையில் 0.012 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். பழைய மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார், இது இறுக்கம், இது தளர்வு என்று. கையேடு ஒரு ஃபீலர் கேஜைக் கையில் கொடுக்கிறது. தகடு இலேசாக உரசிக்கொண்டு போனால் சரி. சிலிண்டர் ஹெட்டின் நட்டை எவ்வளவு முறுக்குவது என்பது மணிக்கட்டின் ஞாபகம். கையேடு அதை அடி-பவுண்டு கணக்கில் ஓர் எண்ணாக்கி, டார்க் ரெஞ்சு வாங்கிக்கொள் என்கிறது. எந்த வரிசையில் முறுக்குவது என்றும் படம் போட்டுத் தருகிறது. நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் வளைந்துவிடும். இப்படி எண்ணாக மாறக்கூடிய அறிவு எல்லாம் புத்தகத்துக்குள் வந்துவிடுகிறது.

வராதது எது? துரு. 1958இல் வந்த முதல் ஸ்ப்ரைட்டுக்கு ஆஸ்டின் செவனைப் போல முழுச் சேஸிஸ் கிடையாது; உடம்பே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில்லும் தரைத்தகடும்தான் வண்டியைத் தாங்குகின்றன. ஈரம் உள்ளே தேங்கி, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். தானே கற்றவர் உற்சாகத்தில் துருப்பிடித்த சில்லை அறுத்து எறிந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணின பிறகு கதவு மூடாது. அறுப்பதற்கு முன்பே கதவின் சந்துகளை அளந்து எழுதிவைத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக்குழாய் வைத்து முட்டுக் கொடுத்து, ஒருநேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே அறுக்க வேண்டும். மெல்லிய தகட்டில் நீளமாக வெல்டு இழுத்தால் சூட்டில் நெளிந்துபோகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு ஆறவிடுவது, தகடு எப்போது 'போதும்' என்று சொல்லுகிறது என்பதெல்லாம் நாலைந்து தகட்டைக் கெடுத்தால்தான் கைக்கு வரும். பொறுமையில்லாதவர் பட்டி வைத்துப் பூசி மறைத்துவிடுவார். பட்டியின் அடியில் துரு தன் வேலையைத் தொடரும்.

கழட்டிய வரிசையைத் திருப்பிப் போட்டால் வண்டி சேர்ந்துவிடும் என்பதுதான் எல்லாக் கையேடுகளின் அடிப்படை நம்பிக்கை. இது ஒரு காலக்கோட்பாடும்கூட. காலத்தைப் பின்னோக்கி ஓட்டலாம் என்கிற நம்பிக்கை. துரு இந்த நம்பிக்கையைக் கேலி செய்கிறது. கழட்டும்போதே போல்ட் உடைந்து கையோடு வருகிறது. வரிசையைத் திருப்பிப் போட அந்தப் போல்ட்டே இல்லை. வரலாறு என்பது உடைந்த போல்ட்டின் பக்கம் நிற்பது.

எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் நியூ மெக்ஸிகோவின் சாந்தா ஃபேயிலிருந்து ஜான் முயிர் என்ற எஞ்சினியர் ஒரு வோல்க்ஸ்வாகன் நூலை வெளியிட்டார். லாக்ஹீட் விமானக் கம்பெனியில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். 'முழு முட்டாளுக்காக' என்று துணைத்தலைப்பிலேயே அறிவித்த நூல். பீட்டர் அஷ்வாண்டனின் கேலிச்சித்திரக் கோடுகள். வாசகரின் தோளில் கைபோட்டுப் பேசும் நடை. ஹேய்ன்ஸின் 'உடைமையாளர்' இங்கே இல்லை. வண்டியை ஒரு ஜீவனாக, கூடவே வாழும் பிராணியாகப் பார்க்கும் மனநிலை. அந்த வண்டியின் பூர்வோத்தரமோ வேறு. 'மகிழ்ச்சியின் வழியே வலிமை' என்ற நாஜி அமைப்பின் திட்டத்தில் 1938இல் அறிவிக்கப்பட்ட கார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் வாராவாரம் வில்லை ஒட்டிப் பணம் கட்டினார்கள், ஒருவருக்கும் அத்திட்டத்தில் வண்டி கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையில் அடிமை உழைப்பு நடந்தது. அதே வண்டியை வியட்நாம் போரை மறுத்த ஒரு தலைமுறை, பூப்படம் வரைந்து ஓட்டியது. ஒரு பிரதிக்கு ஆசிரியன் இட்ட அர்த்தம் நிலைப்பதில்லை என்று நாம் இங்கே கத்திக்கொண்டிருந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் வில்லை ஒட்டியவர்களும் அடிமை உழைப்பாளிகளும் அந்தப் பூப்படத்துக்குள் எங்கே போனார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த நூல்களின் 'நீ' யார் என்ற கேள்வியை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். பெரும்பாலும் ஆண். 1945இல் பிரிட்டிஷ் பெண்கள் துணைப்படையில் இளவரசி எலிசபெத்தே எஞ்சின் கழட்டக் கற்றுக்கொண்டார். போர் முடிந்ததும் அந்தப் பெண்களின் கையிலிருந்து ஸ்பேனர் வாங்கி வைக்கப்பட்டது. கொட்டகை ஆண்களின் அடுக்களை ஆயிற்று.

ஹேய்ன்ஸ் கையேடு வந்த அதே 1966இல் பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தெரிதா தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். (இதில் மர்மம் ஒன்றும் இல்லை, வசதிக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.) கூட்டமைப்பின் வழியாக 'அசல்' என்ற சொல் அதிகாரம் பெற்றது. எந்த ஆண்டின் பெயிண்ட், எந்த எண்ணுள்ள எஞ்சின், தொழிற்சாலையில் மாட்டிய அதே கார்ப்பரேட்டரா என்றெல்லாம் ஆதாரம் கேட்கும் பண்பாடு வளர்ந்தது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. 2012இல் ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், நினைவுச்சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. நியாயமாகச் சொன்னால் அது பளபளப்பு வெறிக்கு எதிரான ஆவணம். முடிந்தவரை பேணு, தேவையென்றால் மட்டும் திருத்து, புதிதாகச் சேர்த்ததை அடையாளம் தெரியும்படி வை என்கிறது. ஊரில் பழைய கோயிலுக்குத் திருப்பணி என்ற பெயரில் நடக்கிற காரியங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாசனத்தின் அருமை தெரியும். ஆனால் சந்தை சாசனம் படிப்பதில்லை. 2022இல் 1955ஆம் வருடத்து மெர்சிடஸ் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அசல் என்பது இங்கே வரலாற்றுச் சான்று அல்ல, பங்குப்பத்திரம்.

தெரிதாவின் உரைக்கு வருகிறேன். லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய 'காட்டுச் சிந்தனை' நூலில் இரண்டு மனிதர்களை எதிரெதிராக நிறுத்தினார். ஒருவர் எஞ்சினியர், திட்டம் போட்டு, திட்டத்துக்கு ஏற்ற பொருளையும் கருவியையும் வரவழைப்பவர். இன்னொருவர் 'பிரிகோலர்', கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுபவர், வேறெதற்கோ செய்யப்பட்ட துண்டுகளைச் சேர்த்துக் கட்டுபவர். தெரிதா இந்த எதிர்நிலையையே கவிழ்த்தார். மொழியில் எல்லாரும் கிடைத்ததை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறார்கள். ஒன்றுமில்லாததிலிருந்து முழுமையாகப் படைக்கும் எஞ்சினியர் என்பவர், ஒப்பேற்றுபவர் உருவாக்கிய ஒரு தொன்மம் மட்டுமே என்றார். இதை நாம் இலக்கியக் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. நகைமுரண் என்னவென்றால், இதற்கு உயிருள்ள விளக்கம் பாரிஸிலோ பால்டிமோரிலோ இல்லை, ஹவானாவின் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

கியூபாவில் அமெரிக்கக் கார் என்பது மேட்டுக்குடியின் கொடி. 1958 பிப்ரவரி 23இல், பாத்திஸ்தா அரசு நடத்திய கிராண்ட் பிரீக்கு முதல்நாள், உலக சாம்பியன் ஃபாஞ்சியோவை ஹவானாவின் லிங்கன் ஹோட்டலில் வைத்து ஜூலை 26 இயக்கத்தினர் கடத்திப்போய், பந்தயம் முடிந்தபின் பத்திரமாக விட்டார்கள். கடத்தலுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தது சும்மா இல்லை. 1959இல் புரட்சி. 1960 அக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதியைத் தடைசெய்தது. 1962 பிப்ரவரியில் தடை முழுமையானது. செவ்ரொலெ, பியூக், பிளிமத் எல்லாம் தீவிலேயே நின்றுவிட்டன. ஒரு திருகாணிகூட டெட்ராயிட்டிலிருந்து வராது. தொழில்துறை அமைச்சராகச் சே 1961இல் தொழிலாளர்களை அழைத்தார்: உங்கள் இயந்திரங்களை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று. பட்டறைகளில் புதுமை செய்வோருக்கு இயக்கமே உருவானது. பிறகு சோவியத் வண்டிகள் வந்தன. லாடா, மாஸ்க்விச், வோல்கா. அவை மருத்துவர்களுக்கும் முன்னணித் தொழிலாளர்களுக்கும் ஒதுக்கீடாகக் கொடுக்கப்பட்டன, விற்க முடியாது. தடையின்றி வாங்கி விற்கக்கூடியவை புரட்சிக்கு முன்பே தீவில் இருந்த வண்டிகள் மட்டும்தான். 2011 வரை சட்டம் இப்படி. ஆக அந்தக் கார்கள் இன்றுவரை ஓடுவதற்குக் காரணம் கியூபர்களின் 'ரசனை' என்று எழுதும் சுற்றுலாப் பத்திரிகைகள் பொய் சொல்கின்றன. அமெரிக்கத் தடை ஒரு பக்கம், சொந்த அரசின் சட்டம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே மாட்டிய வண்டி அது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நம் இடதுசாரி நண்பர்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தபோது எண்ணெயும் உதிரிப்பாகமும் நின்றன. 'சிறப்புக் காலம்' என்று அரசு பெயரிட்ட பஞ்சம். சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் இறக்கப்பட்டன. அந்த நாட்களில்தான் ராணுவத்தின் பதிப்பகமான வெர்டே ஒலிவோ இரண்டு கையேடுகளை வெளியிட்டது. 1991இல் 'குடும்ப நூல்', 1992இல் 'நம் சொந்த முயற்சியால்'. இரண்டாவதில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் கண்டுபிடித்த ஒப்பேற்றல்கள் திரட்டப்பட்டன: கருவி, மருந்து, போக்குவரத்து, கிரேப்ஃப்ரூட் தோலில் செய்யும் 'இறைச்சி' வரை. ஹேய்ன்ஸின் நூல் உடைமையாளரைப் பார்த்துப் பேசியது. முயிரின் நூல் முட்டாளைக் கூப்பிட்டது. இந்த நூலில் அரசு தன் மக்களிடமிருந்து கற்று அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறது. இதை உயர்வாகச் சொல்லலாம். அரசு தன் கடமையைக் கைகழுவி, நீங்களே பாத்துக்கங்க என்று சொன்ன ஆவணமாகவும் படிக்கலாம். இரண்டு வாசிப்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

கியூபக் கலைஞர் எர்னெஸ்தோ ஒரோசா 1990களிலிருந்து இப்படிப்பட்ட பொருட்களைச் சேகரித்து, இந்தப் போக்குக்குத் 'தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை' என்று பெயரிட்டார். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆணைக்குக் கீழ்ப்படிய மறுப்பது. 1952ஆம் வருடச் செவ்ரொலெயைத் திறந்தால் உள்ளே ஏதோ ஒரு டீசல் எஞ்சின். பெட்ரோல் குடிக்கும் ஆறு சிலிண்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு மாட்டியது. பிரேக் வேறு ஒன்றுடையது, கிடைக்காத புஷ்ஷை யாரோ வீட்டு லேத்தில் கடைந்திருப்பார். எஞ்சினை வைக்கும் தாங்கியை மாற்றி வெல்டு பண்ணி, கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தகட்டை வெட்டித் துளையிட்டு இணைக்க வேண்டும். துளை ஒரு மயிரிழை தவறினால் கிளட்ச் போய்விடும். இதற்குப் படம் போட்ட கையேடு கிடையாது. தகப்பன் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வந்தது. இப்படிச் சேர்ந்த வண்டிகளை மக்கள் 'அல்மெந்த்ரோன்', பெரிய வாதுமைக்கொட்டை, என்றார்கள். 1993இல் சுயதொழில் அனுமதிக்கப்பட்டபின் அவை பங்கு டாக்ஸிகளாயின. பல காலம் பத்து பெசோவுக்கு ஊரைத் தூக்கிச் சுமந்தன. டூரின் சாசனத்தின்படி பதிவு செய்யப் போனால் இவற்றில் பெரும்பாலானவை கதவிலேயே நிற்க வேண்டியதுதான். ஓடிக்கொண்டே இருந்ததுதான் அவை செய்த குற்றம்.

மாத்யூ கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்து, 2009இல் கைத்தொழிலின் மாண்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல நூல்தான். ஆனால் பட்டறைக்குப் போவதா வேண்டாமா என்று தேர்வு செய்ய முடிகிறவரின் நூல். பிரிகோலரைத் துதிபாடும் நம் ஊர்க் கட்டுரைகளிலும் (என்னுடையவை உட்பட) இந்தக் குரல் உண்டு. ஹவானாவின் மெக்கானிக்குக்கு அசல் பாகம் கிடைத்திருந்தால் மறுத்திருக்க மாட்டார். கீழ்ப்படியாமை என்று நாம் பெயரிடுவதை அவர் 'வேறென்ன செய்ய' என்று சொல்லக்கூடும்.

இதற்கிடையில் இங்கே, மேற்கில், ஓனரின் கையிலிருந்தே அறிவு மறுபடி பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. புதுக் கார் கணிப்பொறியின் பூட்டுக்குள் இருக்கிறது. கோளாறு என்ன என்று வண்டி தன் கம்பெனிக்குச் சொல்லும், வாங்கியவருக்குச் சொல்லாது. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக வாக்களித்தார்கள், கம்பியில்லாத் தகவல்களையும் சேர்த்து 2020இல் மறுபடி வாக்களித்தார்கள். ஜான் ஹேய்ன்ஸ் 2019இல் இறந்தார். 2020இல் அவருடைய கம்பெனி ஒரு பிரெஞ்சுத் தகவல் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே டிசம்பரில், புது வண்டிகளுக்கு அச்சுக் கையேடு இனி இல்லை என்று அறிவித்தது. ஷோபர் பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது. இம்முறை ஷோபர் ஒரு கார்ப்பரேஷன்.

கியூபாவிலோ 2014இல் அரசுக் கடைகளில் புதுக் காரை யாரும் வாங்கலாம் என்றானது. ஒரு பெஷோ 508க்கு வைத்த விலை 2,62,000 டாலர். அவ்வருட டிசம்பரில் ஒபாமாவும் ராவுல் காஸ்த்ரோவும் உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தபின் அமெரிக்கப் பயணிகள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது இளஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்த, கூரையில்லாத, ஐம்பதுகளின் கார். கூரையில்லாத வண்டிகள் அவ்வளவு கிடையாது. எனவே கூரையுள்ள சாதாரணக் குடும்பக் கார்களின் தலையை அறுத்தார்கள். அறுத்தால் உடம்பு தளரும் என்று ஸ்ப்ரைட் காரர்களுக்குத் தெரிந்த அதே விஷயம் இவர்களுக்கும் தெரியும். அடியில் இரும்பு வைத்துப் பலப்படுத்தினார்கள். பயணி புகைப்படம் எடுத்துக்கொண்டது 1955ஐ அல்ல, தனக்காகவே அறுக்கப்பட்ட ஒரு 1955ஐ. அதற்கான பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் முதல் பெரும்பாலும் மயாமி உறவினரிடமிருந்து வந்தது. உறவினர் மயாமியில் இருப்பது வெள்ளைக் கியூபக் குடும்பங்களுக்கே அதிகம். கறுப்பினத்தவர் பலர் வண்டி ஓட்டினார்கள், கழுவினார்கள், டிங்கர் வேலை பார்த்தார்கள். வண்டியின் பெயர் வேறொருவருடையது. 2019 ஜூனில் டிரம்ப் அரசு சுற்றுலாக் கப்பல்களை நிறுத்தியது, மறு ஆண்டு கொள்ளைநோய். தலை அறுத்த வண்டிகள் பார்க்கே சென்ட்ரல் ஓரத்தில் வரிசையாக நின்றன. அவற்றைப் பத்து பெசோ டாக்ஸியாக மாற்றவும் வழியில்லை, மழை வந்தால் மேலே கூரை இல்லை.